படிப்புக்கும் ஒரு வரவு செலவுத் திட்டம்

நூல் கொள்முதலுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, பயிர்க்கடனுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிடாமல் எந்தச் சங்கமும் ஆண்டைத் தொடங்குவதில்லை. ஆயினும், வரும் மாதங்களில் இன்னின்ன நூல்களைப் படிப்போம் என்று திட்டம் வகுத்துக்கொள்ளும் அங்கத்தினர் நம்மில் மிகச் சிலரே. நேரமில்லை என்பதே பலரும் கூறும் காரணம். அந்நேரம் எங்கே கிடைக்கும், கிடைத்தால் எதைப் படிக்கலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டுறவுக்கும் படிப்புக்கும் உள்ள உறவு புதிதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் கூடி ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர்களும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அவர்கள், நாளடைவில் வாசகசாலையும் நூலகமும் அமைத்தார்கள். ஆதாயத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினார்கள். நம் நாட்டிலும் 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றனர். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நூலகங்களுக்கென நாம் வரி செலுத்துகிறோம்; அப்பயனை அடையாமலிருப்பது முறையாகுமா?

இனி நேரத்தைப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவு தோய்க்கத் தெருவில் இடமிராது. குழித்தறியிலும் நீர் ஊறும். நடவு முடித்த உழவருக்கும் மழை விடாத நாட்களில் வயலில் வேலை குறைவு. நாளொன்றுக்கு 10 பக்கம், மாதத்தில் 25 நாள் என்று கொண்டால், மாதம் 250 பக்கமாகிறது. ஆறு மாதத்தில் 1,500 பக்கம் படித்துவிடலாம். இதற்கு நாள்தோறும் அரை மணி நேரம் போதும்.

ஐப்பசிக்கு உரியது தம் சங்கத்தின் துணைவிதிகளும் சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கையுமே. சுவையான படிப்பன்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இதனினும் அவசியமானது வேறில்லை. நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் நெசவாளர் அம்மையார் ஒருவர், தமது பாஸ் புத்தகத்தைப் பேரேட்டுடன் ஒப்பிட்டுக் காட்டுமாறு கேட்டார். மூன்று மாதச் சேமிப்புப் பிடித்தம் அவர் கணக்கில் ஏறவில்லை. மேலும் பார்த்ததில், வேறு நால்வர் கணக்கிலும் அதே குறை இருந்தது. நால்வரும் படித்துப் பாராமலே கையொப்பமிட்டிருந்தனர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவ்வம்மையார் படித்துப் பார்த்ததால் ஐவர் பணமும் கணக்கில் ஏறியது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983 அங்கத்தினருக்கு அளித்துள்ள உரிமைகள் பல. அறியாதவருக்கு அவை இருந்தும் இல்லாதவையே.

கார்த்திகைக்குத் தொ. மு. சி. ரகுநாதன் 1953இல் வெளியிட்ட ‘பஞ்சும் பசியும்’ என்னும் நாவல் ஏற்றது. கைத்தறி நெசவாளரின் துயரத்தை அது கூறுகிறது. உழவரும் அதில் தம் வாழ்வைக் காண்பர். மார்கழிக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942இல் வெளிவந்த சிறு நாவல். கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் நிலப் பங்கீடு ஒரு குடும்பத்தை எங்ஙனம் சிதைக்கிறது என்பதைக் காட்டுவது. பாகப் பிரிவினை பேசத் தொடங்கும் வீடுகளில் இதை முதலில் படித்தல் நலம்.

தை மாதம் அறுவடைக் காலம். பெரிய நூல் வேண்டாம். திருக்குறளில் 104ஆவது அதிகாரமாகிய உழவினை நாளொரு குறளாகப் பத்து நாளில் படித்துப் பொருளறிந்தால் போதும். மாசிக்கு, ஜப்பானிய உழவர் மசானபு ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. உழாமல் நெல் விளைவித்த அனுபவத்தை அவர் கூறுகிறார். அவர் நாட்டு மண்ணும் மழையும் வேறு. ஆகையால் படித்த மறுநாளே முழு வயலிலும் சோதனை செய்யாமல், ஒரு மூலையில் செய்து பார்ப்பதே விவேகம். பங்குனியை நிரப்பாமல் விடுகிறேன். அது அவரவர் விருப்பத்திற்கு உரியது. வீட்டுக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கும் நூலாயின் இன்னும் சிறப்பு.

எழுத்தறியாத பெரியவர்கள் என் செய்வது என்று சிலர் கேட்கலாம். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வள்ளுவர் வைத்திருப்பது கருதத்தக்கது. தார் சுற்றும் வேளையில் பள்ளிச் சிறுவன் ஒருவன் உரக்க வாசித்தால், வீட்டிலுள்ள அனைவரும் கேட்கலாம். ஒரு தெருவினர் ஒரு நூலை நூலகத்திலிருந்து பெற்று முறை வைத்துப் படிப்பதும் கூட்டுறவே அன்றோ?

இத்திட்டம் முழுவதும் நிறைவேறாவிடினும் நட்டமில்லை. ஆறு நூலில் மூன்று படித்தவரும் மூன்று நூலுக்கு உரியவரே. ஆயின் ஐப்பசிப் பாடத்தை மட்டும் எவரும் தள்ளிவைத்தல் ஆகாது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் துணைவிதியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் அங்கத்தினர் பத்துப் பேராவது ஒவ்வொரு சங்கத்திலும் எழுவார்களாயின், அச்சங்கம் நல்வழியில் நடக்கும் என்பது திண்ணம்.