நுனியைக் கிள்ளினால் கிளை பிறப்பது ஏன்?

கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே தேயிலைச் செடிகள் இடுப்பளவு உயரத்தில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் நிற்கும். ஆனால் தேயிலை இயல்பில் ஒரு மரம். அசாம் வகைத் தேயிலையை வெட்டாமல் விட்டால் 10 மீட்டருக்கும் மேல் வளரும். அதைக் குள்ளமாகவும் அடர்த்தியாகவும் வைத்திருப்பது கவாத்தும் கொழுந்து பறித்தலுமே.

செடியின் ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு சிறு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். நுனி வளரும்வரை அது பெரும்பாலும் விழிப்பதில்லை. இதற்கு 'நுனி ஆதிக்கம்' என்று பெயர்.

நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி, மணிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகத்தில் தண்டு வழியே கீழிறங்குகிறது. கென்னத் திமான், ஃபோக் ஸ்கூக் இருவரும் 1933இல் அவரைக் குடும்பச் செடி ஒன்றின் நுனியை வெட்டினார்கள். பக்க மொட்டுகள் வளர்ந்தன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தபோது அவை அடங்கின.

கதை அத்துடன் முடியவில்லை. 2014இல் வெளிவந்த பட்டாணிச் செடி ஆய்வில், நுனிக்குத் தொலைவிலிருந்த மொட்டுகள் ஆக்சின் குறையும் முன்பே வளரத் தொடங்கின. அவற்றை எழுப்பியது சர்க்கரை. வளரும் நுனி சர்க்கரையைப் பெருமளவில் இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அது பக்க மொட்டுகளுக்குக் கிடைக்கிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே உயரமுள்ள 9 துளசிக் கன்றுகளைத் தனித்தனித் தொட்டிகளில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் 4 இணை இலைகளாவது இருக்கட்டும். மிக இளங்கன்று வெட்டைத் தாங்காது. மூன்றை அப்படியே விடுங்கள். மூன்றில் ஓர் இலை இணைக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளுங்கள். மூன்றின் தண்டைக் கிள்ளாமல், பக்கவாட்டில் மெதுவாக வளைத்து நூலால் கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வெயில், ஒரே அளவு நீர் கிடைக்க வேண்டும்.

நான்கு வாரங்களுக்கு உயரம், கிளைகளின் எண்ணிக்கை, முதல் பூ மலர்ந்த நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். கிள்ளிய செடி இழந்த இலைகளை ஈடுகட்ட நேரம் எடுக்கும். அதனால் பூப்பது தாமதமாகலாம்.

வளைத்த செடியில் நுனி இருக்கிறது, ஆக்சினும் இருக்கிறது. அப்படியானால் அதில் கிளைகள் வருமா? வந்தால் தண்டின் எந்தப் பக்கத்தில் வரும்? தொட்டிகளை வைக்கும் முன் உங்கள் ஊகத்தை எழுதிவையுங்கள்.