இருளும் விளக்கும்

இருளுக்கு அஞ்சாத குழந்தை அரிது. விளக்கொன்றை ஏற்றிவிட்டால் அந்த அச்சம் நீங்கிவிடும் என்பது மனிதனின் பழைய நம்பிக்கை. ஐரோப்பியச் சமய ஓவியர் பலரும் ஒளியை இறைவனின் காப்புக்கும் இருளைத் தீமைக்கும் குறியாகத் தீட்டினர். இவ்வழக்கைத் தலைகீழாக்கிய ஓவியமொன்று மட்ரிட் நகரின் பிராடோ நூதனசாலையில் உள்ளது.

1808ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, நெப்போலியனின் படைகளை எதிர்த்து மட்ரிட் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிடிபட்டோர் பலர் அன்றிரவிலும் மறுநாள் அதிகாலையிலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா இதனை 1814இல் வரைந்தார்.

வானம் முழுவதும் கறுப்பு. தரையிலே பெட்டி போன்ற பெரிய விளக்கு. கைகளை உயர்த்தி விரித்திருக்கும் ஒருவனின் வெண்ணிறச் சட்டைமீது அதன் ஒளி விழுகிறது. சட்டையின் வெண்மையும் காற்சட்டையின் மஞ்சளும், அருகே கிடக்கும் பிணங்களின் குருதிச் சிவப்புமே அவ்விரவின் வண்ணங்கள். துப்பாக்கி நீட்டும் படையினரின் முகங்கள் தெரியவில்லை.

குறிபார்ப்பதற்கு உதவும் விளக்கு அது. இருள் அவனை மறைத்திருக்கக்கூடும், ஒளியோ காட்டிக்கொடுக்கிறது. இருளில் நாம் அஞ்சவேண்டியது, விளக்கு யாரிடம் இருக்கிறது என்பதற்கே என்று இவ்வோவியம் உணர்த்துகிறது.

எனினும், அதே ஒளியைக் கோயா தம் பக்கம் திருப்பிக்கொள்கிறார். பெயரறியாத அம்மனிதனின் திகிலுற்ற முகம் இருநூறு ஆண்டுகள் கடந்தும் நம் முன்னே நிற்கிறது. சுட்டவர்களின் முகங்களை அவர் இருளிலேயே விட்டுவிட்டார்.