பேரனைப் பார்க்க மனு போடலாமா?

மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. பிள்ளை தாயிடம். மாதத்தில் இரண்டு ஞாயிறு தகப்பன் வந்து பார்க்கலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது. தகப்பனோ துபாயில் வேலை பார்க்கிறான். பிறந்த நாள் முதல் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூளி ஆட்டிய அப்பத்தாவின் பெயர் அந்தத் தீர்ப்பில் ஓரிடத்திலும் இல்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. வழக்கில் அவர் ஒரு தரப்பே இல்லை, அவ்வளவுதான். பிள்ளை தகப்பனிடம் இருந்து, மகளைப் பெற்றவர்கள் தவிக்கிற வீடுகளிலும் இதே கதைதான்.

தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமை உண்டு என்று நேராகச் சொல்லும் சட்டப்பிரிவு இந்தியாவில் இல்லை. பிரான்சின் சிவில் சட்டத்தில், பாட்டன் பாட்டியோடு உறவு வைத்துக்கொள்வது குழந்தையின் உரிமை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் சட்ட ஆணையமும் 2015இல் கொடுத்த 257ஆவது அறிக்கையில், குழந்தை தாத்தா பாட்டியோடு கழிக்கும் நேரத்துக்கு வழிகாட்டுதல் வகுத்தது. அது அறிக்கையோடு நின்றுவிட்டது.

ஆனாலும் கதவு அடைபடவில்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது. பாதுகாவலராக நியமிக்கக் கோரி குழந்தையின் உறவினர் எவரும் அதன் கீழ் மனு போடலாம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமோ குழந்தையைப் பார்ப்பது, பழகுவது தொடர்பான வழக்குகளையும் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: மனு போட வேண்டிய ஊர் உங்கள் ஊர் அல்ல, பிள்ளை வழக்கமாக வசிக்கிற ஊர். பேரன் கோவையில் படித்தால் திருநெல்வேலியில் வழக்கு எடுபடாது.

நீதிபதி எடை போடுவது பிள்ளையின் நலனை. உங்கள் ஏக்கம் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு அடுத்த இடம்தான். 'என் ரத்தம்', 'என் வம்சம்' என்று தொடங்கும் மனுவைவிட, 'நாலு வயது வரை எங்களிடம் வளர்ந்தான், இரவில் கதை கேட்டால்தான் தூங்குவான்' என்கிற மனுவுக்கே வலு அதிகம்.

பெற்றோரின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதிலும் தெளிவு வேண்டும். இந்து சட்டப்படி இயற்கைப் பாதுகாவலர்கள் தகப்பனும் தாயும்தான். 'தகப்பனுக்குப் பிறகு தாய்' என்ற 1956ஆம் ஆண்டுச் சட்ட வாசகத்துக்கு, தகப்பன் செத்த பிறகுதான் தாய் என்று பொருளில்லை என எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லிவிட்டது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, என்ன சிகிச்சை கொடுப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ஆந்திர வழக்கு ஒன்று இதற்கு நல்ல பாடம். மகன் இறந்தபின் மருமகள் மறுமணம் செய்துகொண்டார். பேரனுக்குத் தங்களைப் பாதுகாவலராக்கச் சொல்லி தாத்தா பாட்டி நீதிமன்றம் போனார்கள். அந்தக் கோரிக்கை தள்ளுபடியானது. குறிப்பிட்ட அளவில் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. குடும்பப் பெயர் பற்றிய தகராறு உச்ச நீதிமன்றம் வரை போக, அதைத் தீர்மானிப்பவர் தாயே என்று 2022இல் தீர்ப்பானது.

அதே 2022இல், கொரோனாவில் தாயையும் தகப்பனையும் இழந்த குஜராத் சிறுவனை உச்ச நீதிமன்றம் அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. உண்மைதான். ஆனால் அங்கே பெற்றோர் இருவருமே இல்லை. நல்ல நிலையில் தாயோ தகப்பனோ இருக்கும்போது, 'பேரனை உங்களிடமே வாங்கித் தருகிறேன்' என்று எந்த வக்கீலாவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இவ்வளவு அலைச்சலையும் ஒரே ஒரு வரி மிச்சப்படுத்தும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் இரு தரப்பும் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள் அல்லவா? நகை, சீர், பணம் எல்லாம் பவுன் கணக்காக அதில் இருக்கும். 'பார்க்கும் நாளில் தகப்பனோடு, அவர் ஊரில் இல்லாதபோது தனியாகவும், தாத்தா பாட்டி வரலாம். வாரம் ஒரு முறை வீடியோ அழைப்பில் பேசலாம்' என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதச் சொல்லிக் கேளுங்கள். நேரில் பார்க்கும் உரிமையோடு வீடியோவில் பேசும் உரிமையும் முக்கியம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டது என்றாலும் பரவாயில்லை. குழந்தை தொடர்பான உத்தரவைச் சூழ்நிலை மாறும்போது மாற்றலாம். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. உங்கள் மகனோ மகளோ அந்த மனுவைப் போட்டால் வேலை சுலபம். சமரச மையத்துக்கு அனுப்பினால் முகம் சுளிக்காமல் போங்கள். பெரும்பாலும் பேரனுக்கான வழி அங்கேதான் திறக்கும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. பள்ளி விடும் நேரத்தில் போய்ப் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிடாதீர்கள். சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை அழைத்துப் போவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆவது பிரிவில் கடத்தல் குற்றம். 7 ஆண்டு வரை சிறை. பாசம் என்று போலீசிடம் சொல்லித் தப்பிக்க முடிந்தாலும், குடும்ப நீதிமன்றத்தில் உங்கள் பேச்சு அதன்பின் எடுபடாது. பார்க்கும் நாளில் 'உங்கம்மா என்னைப் பத்தி என்ன சொல்றா?' என்று பிள்ளையைக் குடைவதும் அப்படித்தான். ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளையை நீதிபதி தனியாக அழைத்துப் பேசுவார். அங்கே எல்லாம் வெளியே வரும்.

தாயின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாமியார் கையால் அடிபட்டு வெளியேறிய பெண், அதே மாமியாரிடம் பிள்ளையை அனுப்ப மறுத்தால் அதை வீம்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிப்பட்டவர் நடந்ததை ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் சொல்லி, பார்ப்பதானால் நீதிமன்றக் கண்காணிப்பில் மட்டுமே என்று கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை என்றால் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் கட்டணமில்லா எண் 15100. தீர்ப்பு நகலையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் நேரில் போகலாம். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது; அப்பத்தாவோ அம்மாச்சியோ தன் பெயரிலேயே கேட்கலாம்.