விளக்கு எரிகிறது, வண்டி கிளம்பவில்லை!

ரமலானில் ஒரு ஸஹர் நேரம். பிரசவ வலியோடு ஒரு சகோதரி காத்திருக்க, நமது டிரஸ்டின் பழைய டீசல் ஆம்புலன்ஸ் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. ஆட்டோவில் அனுப்பினோம், தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ். காலையில் அதே வண்டி ஒரே சாவியில் கிளம்பியது!

அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்கினோம். நீங்கள் தந்த சதகா பணம் அது. மறுவாரமும் அதே கதை. பழுதோ, பேட்டரி மைனஸிலிருந்து இஞ்சினுக்குப் போகும் எர்த் வயரில். போல்ட்டுக்கு அடியில் துரு.

ஹெட்லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும்; ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். துருப்பிடித்த இணைப்பு அதைத் தாங்காது.

பழைய வண்டி வைத்திருப்போர் கியரை நியூட்ரலில் போட்டு, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மைனஸ் முனைக்கும் இஞ்சின் உலோகத்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டுங்கள். கிளம்ப மறுக்கும்போதே அளக்க வேண்டும். நன்றாக ஓடும் வண்டியில் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பார்?