முன்பணம் வாங்கிய கான்ட்ராக்டர் காணாமல் போனால்? வீடு புதுப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புது வீவக வீட்டின் சாவி கையில். இங்கே சோஃபா, அங்கே சாமி மேடை என்று மனத்திலேயே எல்லாவற்றையும் அடுக்கியாயிற்று. குத்தகையாளருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

முதல் இரண்டு வாரம் வேலை மும்முரம். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரே பதில்தான் வருகிறது: "நாளைக்குக் கண்டிப்பா ஆள் வருவாங்க, பாஸ்."

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்துக்கு அதிகப் புகார்கள் வரும் துறைகளில் வீட்டுப் புதுப்பிப்பும் ஒன்று. வேலை தாமதம், மோசமான வேலைப்பாடு, பாதியில் கைவிடுவது, நிறுவனமே மூடப்படுவது எனப் பிரச்சினைகள் பலவிதம்.

ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான்: முடிந்த வேலையைவிடக் கொடுத்த பணம் அதிகம்.

வீவக பட்டியலில் இருந்தால் போதாதா?

வீவக வீட்டைப் புதுப்பிக்க, கழகத்தின் பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளரைத்தான் அமர்த்தவேண்டும். சுவரை இடிப்பது போன்ற வேலைகளுக்கு முன்கூட்டியே அனுமதியும் வேண்டும். சன்னல் வேலைக்கு அங்கீகரிக்கப்பட்ட சன்னல் குத்தகையாளர், மின்கம்பி வேலைக்கு உரிமம் பெற்ற மின் ஊழியர் தேவை.

இவை முக்கியமானவை. ஆனால் இவற்றின் முதல் நோக்கம் கட்டடத்தையும் அதில் வசிப்போரையும் பாதுகாப்பது. சுவரை இடிக்கத் தெரிந்த நிறுவனம் உங்கள் பணத்தைப் பொறுப்பாகக் கையாளும் என்பதற்கு அந்தப் பட்டியல் உத்தரவாதம் அல்ல. பணத் தகராறு வந்தால், அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரம்.

'கேஸ்டிரஸ்ட்' முத்திரை எதற்கு உதவும்?

பயனீட்டாளர் சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' அங்கீகாரம் பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள், வாடிக்கையாளரின் முன்பணத்துக்கு உத்தரவாதப் பத்திரம் வைத்திருக்கவேண்டும். நிறுவனம் மூடப்பட்டாலோ கலைக்கப்பட்டாலோ முன்பணத்தைப் பாதுகாக்கவே அந்த ஏற்பாடு.

ஒன்றைக் கவனியுங்கள். நிறுவனம் திறந்தே இருக்கிறது, ஆனால் வேலைக்கு ஆள் மட்டும் வரவில்லை என்றால், அதற்கு இந்தப் பத்திரம் பதில் சொல்லாது. உங்கள் முன்பணத்தில் எவ்வளவுக்குப் பாதுகாப்பு உண்டு என்பதையும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எப்போது, எவ்வளவு கொடுப்பது?

உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம், இன்னும் கொடுக்காத பணம்தான்.

ஓர் உதாரணம். மொத்தச் செலவு 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்திடும்போது 50 விழுக்காடு, தச்சு வேலை தொடங்கும் முன் 40 விழுக்காடு, கடைசியில் 10 விழுக்காடு என்று ஒப்பந்தம் சொல்கிறது.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சமையலறையில் ஓர் அலமாரிகூட வராத நிலையில் 36,000 வெள்ளி போய்விட்டிருக்கும். அப்போது குத்தகையாளர் வராமல் போனால், மிச்சமிருக்கும் 4,000 வெள்ளியில் வேறு யார் வந்து முடித்துத் தருவார்கள்?

அதே தொகையை இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

- கையெழுத்திடும்போது: 4,000 வெள்ளி
- இடிப்பு, குழாய், மின்கம்பி வேலை முடிந்ததும்: 10,000 வெள்ளி
- தரை, சுவர் ஓடுகள் பதித்து முடிந்ததும்: 10,000 வெள்ளி
- அலமாரிகள் வீட்டில் பொருத்தப்பட்டதும்: 12,000 வெள்ளி
- குறைகளைச் சரிசெய்து வீட்டை ஒப்படைத்ததும்: 4,000 வெள்ளி

இது சட்டம் சொல்லும் கணக்கு அல்ல. பேசி முடிவுசெய்ய வேண்டியது. குத்தகையாளருக்கும் நியாயமான சிரமம் உண்டு. அலமாரிகளைச் செய்யப் பட்டறைக்கு முன்பே பணம் கட்டவேண்டியிருக்கும். அதனால் தச்சு வேலைக்கான தொகையை இரண்டாகப் பிரித்து, பலகைகள் தயாரானதைப் பார்த்தபின் ஒரு பகுதி, வீட்டில் பொருத்தியபின் மறுபகுதி என்று கேட்கலாம்.

தேதியை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள், முடிந்த வேலையை வைத்துக் கொடுங்கள். "4ஆவது வாரம் 30 விழுக்காடு" என்று எழுதியிருந்தால், வேலை நடக்காவிட்டாலும் 4ஆவது வாரம் வந்துவிடும்!

பெயர் ஒன்றாக இருக்கிறதா?

ஒப்பந்தம், வீவக பட்டியல், பணம் போகும் வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே நிறுவனத்தின் பெயர் இருக்கவேண்டும். அந்த நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்பதை அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் இணையப்பக்கத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

வீட்டு வடிவமைப்பாளர் நிறுவனத்தை அமர்த்தினால், ஓடு பதிப்பவர், மின் ஊழியர் போன்றோர் பெரும்பாலும் துணைக் குத்தகையாளர்கள். வீவக அனுமதிக்கு எந்த நிறுவனம் விண்ணப்பிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"கம்பெனி அக்கவுண்ட்ல சின்னப் பிரச்சினை, என் பேநவ் நம்பருக்கு அனுப்பிடுங்க" என்று விற்பனையாளர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். துணைக் குத்தகையாளர் உங்களிடம் நேரடியாகப் பணம் கேட்டாலும் அப்படியே. நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் கொடுத்தால், அதே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்டும் நிலை வரலாம்.

ஒப்பந்தத்தில் வேறென்ன வேண்டும்?

வேலை தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கட்டும். "சுமார் 10 வாரம்" போதாது. தாமதமானால் நாளுக்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பலகை, ஓடு, குழாய் ஒவ்வொன்றின் பிராண்டும் அளவும் இடம்பெறவேண்டும்.

இடையில் எதையாவது மாற்றினால், விலையோடு எழுதி இருதரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்கட்டும். தொலைபேசியில் பேசியிருந்தால், "இன்று பேசியபடி..." என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவையுங்கள். பின்னர் அதுவே சான்று.

தவறவிட்ட நாள்களை ஈடுகட்டுவதும் எளிதல்ல. வீவக வீடுகளில் இடிப்பது போன்ற அதிகச் சத்தம் எழுப்பும் வேலைகளை வாரநாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சீனப் புத்தாண்டையொட்டிப் பல குழுக்கள் விடுப்பில் போய்விடும். ஆகவே பால் காய்ச்சும் நாளையோ வாடகை வீட்டைக் காலிசெய்யும் நாளையோ ஒப்பந்தத்தின் கடைசி வாரத்தில் வைக்காமல், கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்?

முதலில், புதிதாக எந்தப் பணமும் கொடுக்காதீர்கள். "இன்னும் 5,000 கொடுங்க, நாளைக்கே ஆள் அனுப்புறேன்" என்ற பேச்சுக்கு மசியவேண்டாம். ஆனால் முடிந்த வேலைக்கு ஒப்பந்தப்படி உங்கள் தவணை பாக்கி இருந்தால் கவனம் தேவை. அதைக் கொடுக்காமல் இருந்தால், ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று குத்தகையாளர் வாதிடலாம்.

அடுத்து, வீட்டின் ஒவ்வோர் அறையையும் படமும் காணொளியும் எடுங்கள். முடியாத வேலை, குறையுள்ள வேலை என இரண்டு பட்டியல் போடுங்கள். அவற்றை நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, 14 நாள் போல ஒரு நியாயமான கெடு கொடுங்கள்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால், மிச்ச வேலைக்கு வேறு இரண்டு நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். உங்கள் இழப்பு எவ்வளவு என்பதைக் காட்ட அது உதவும். புதியவர் வேலையைத் தொடங்கும் முன், அனுமதி பற்றி வீவகவிடம் கேட்டுவிடுங்கள்.

யாரிடம் போகலாம்?

பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். அது இருதரப்பையும் பேசவைத்துச் சமரசத்துக்கு முயலும். ஆனால் சங்கம் நீதிமன்றம் அல்ல, நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது.

அதற்கு அடுத்த கதவு, சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கு கோரலாம். இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் இணையம்வழி மனுச் செய்யவேண்டும்.

வழக்கறிஞர் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. கோரும் தொகை 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. 10,000 வெள்ளி வரை 20 வெள்ளி. அதற்கு மேல், கோரும் தொகையில் 1 விழுக்காடு.

இழப்பு இந்த வரம்பைத் தாண்டினால், மிச்சத்தை விட்டுக்கொடுத்து இங்கேயே தொடரலாம். அல்லது 60,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

காவல்துறை? வேலையை முடிக்காதது பொதுவாக உரிமையியல் வழக்கு. வேலை செய்யும் எண்ணமே இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றிப் பணம் பறித்ததாகத் தெரிந்தால் அது மோசடிக் குற்றமாகலாம். அப்போது காவல்துறையில் புகார் கொடுங்கள்.

ஜெயித்தால் பணம் வந்துவிடுமா?

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. நடுவர் மன்றம் உங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டாலும், நிறுவனத்தின் கணக்கு காலியாக இருந்தால் கையில் எதுவும் வராமல் போகலாம். உத்தரவை நிறைவேற்றத் தனி நடவடிக்கை, தனிச் செலவு.

வங்கியில் வாங்கிய புதுப்பிப்புக் கடனோ அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பொதுவாக அந்தக் கடன் 30,000 வெள்ளி அல்லது மாத வருமானத்தில் 6 மடங்கு, எது குறைவோ அதுவரை கிடைக்கும். வீடு பாதியில் நின்றாலும் தவணையைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

ஆகவே கையெழுத்திடும் முன் பணம் செலுத்தும் அட்டவணையை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: "இன்னைக்கு இவங்க வேலையை நிறுத்திட்டா, மிச்சப் பணத்துல இந்த வீட்டை முடிக்க முடியுமா?"

முடியாது என்று பதில் வந்தால், அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால், வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.