மிதக்கும் ஊர், உறங்காத ஊர்

கேட்வே ஆப் இந்தியாவில் நின்று கடலைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்குக் கடற்படையின் சாம்பல் நிறக் கப்பல்கள் தப்புவதில்லை. 1961 நவம்பர் 3-ந் தேதி பம்பாய்க்கு வந்து சேர்ந்ததிலிருந்து 1997 ஜனவரி 31-ந் தேதி ஓய்வு பெறும் வரை, அந்தக் கூட்டத்தின் நடுவே மலை போல் உயர்ந்து நின்றது 'விக்ராந்த்' என்ற விமானந்தாங்கிக் கப்பல். கரையிலிருந்து அதைப் பார்த்தவர்கள் ஏராளம். உள்ளே வாழ்க்கை எப்படி நடந்தது என்று அறிந்தவர்கள் சிலரே.

விமானந்தாங்கி என்றதும் சீறிப் பாயும் விமானமும் அதில் அமர்ந்த விமானியும்தான் நம் நினைவுக்கு வரும். பத்திரிகையில் படம் வருவதும் அவருக்குத்தான். ஆனால் அந்த ஒரு விமானம் எழும்புவதற்குப் பாய்லர் அறையில் வியர்வை சிந்துபவர், சப்பாத்தி சுடுபவர், கணக்கு எழுதுபவர், தளம் பெருக்குபவர் என்று நூற்றுக்கணக்கானவர்கள் பாடுபட வேண்டியிருக்கிறது. அவர்களுடைய கதை இது.

எழுநூறு அடியில் ஓர் ஊர்

பழைய விக்ராந்தின் நீளம் 700 அடி. அதில் சுமார் 1,100 பேர் வாழ்ந்தார்கள். இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் நிறுத்தப்பட்ட கப்பல் அது. 1957-ல் இந்தியா அதை வாங்கியது. வேலை முடிந்து, 1961 மார்ச் 4-ந் தேதி பெல்பாஸ்ட் நகரில் நம் கொடி ஏறியது. அதன் பிறகு 1987-ல் 'விராட்', 2013-ல் 'விக்ரமாதித்யா', 2022 செப்டம்பர் 2-ந் தேதி கொச்சியில் கட்டிய புதிய 'விக்ராந்த்' என்று மூன்று விமானந்தாங்கிகள் நம் கடற்படையில் சேர்ந்தன. விராட் 2017-ல் ஓய்வு பெற்றது. மற்ற இரண்டும் இப்போது பணியில் உள்ளன. புதிய விக்ராந்தின் நீளம் 262 மீட்டர். எடை சுமார் 45,000 டன். அதில் 1,600 பேர் வரை தங்கலாம். பெண்களுக்கென்று தனி இடவசதியும் செய்திருக்கிறார்கள்.

ஊர் என்று சொல்வது வெறும் உவமை அல்ல. சமையற்கட்டு, ஆஸ்பத்திரி, சலவையகம், பண்டக சாலை, பட்டறை எல்லாம் உள்ளே உண்டு. இல்லாதது ஒன்றுதான், சற்று வெளியே போய்விட்டு வருகிறேன் என்று கிளம்புவதற்கு ஒரு தெரு. மாலுமிகள் படுப்பது அடுக்குப் படுக்கைகளில். ஒருவன் தலைக்கு மேல் இன்னொருவன். சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு சிறிய இரும்பு அலமாரி. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேராக வாழ்ந்து பழகியவர்களுக்கு இது விளங்கும். நம் அறை ஆடுவதில்லை, கூரைக்கு மேல் விமானம் இறங்குவதில்லை என்பதே வித்தியாசம்.

நாலு மணிக்கு ஒரு முறை

கடலில் போகும் கப்பலுக்கு இரவு என்று ஒன்று இல்லை. இருபத்து நாலு மணி நேரத்தையும் நாலு நாலு மணியாகப் பிரித்துக் காவல் முறை வைத்திருக்கிறார்கள். மில் தொழிலாளர்கள் அறிந்த ஷிப்டு போலத்தான். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. மாலை நாலு முதல் எட்டு வரை உள்ள முறையை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்து விடுகிறார்கள். அதனால் ஒரு நாளைக்கு ஆறு முறைக்குப் பதிலாக ஏழு முறை ஆகிறது. எண்ணிக்கை ஒற்றைப்படை ஆவதால் இன்று நள்ளிரவு முறை பார்த்தவனுக்கு நாளை வேறு முறை விழும். ஒரே ஆள் தினமும் நடுநிசியில் கண் விழிக்க வேண்டிய அநியாயம் நேராது. பாய்மரக் கப்பல் காலத்திலிருந்தே வந்த ஏற்பாடு இது.

முறை முடிந்தால் ஓய்வு என்றும் சொல்ல முடியாது. துடைத்தல், பெயிண்டு அடித்தல், பழுது பார்த்தல், பயிற்சி என்று பகல் வேலை வேறு காத்திருக்கும். உப்புக் காற்று இரும்பை விடாமல் தின்னும். அதைச் சுரண்டிப் பெயிண்டு அடிப்பது முடிவில்லாத வேலை. கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் முதலில் அடித்த இடம் மறுபடி துருப்பிடித்திருக்கும்.

ஒரு திருகாணி போதும்

விமானங்கள் பறக்கும் நாளில் முதல் காரியம் என்ன தெரியுமா? மேல்தளத்தில் ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல் முன்னேறுவார்கள். ஒரு திருகாணி, ஒரு கம்பித் துண்டு, ஒரு சிறு கல் கிடந்தாலும் பொறுக்கிவிட வேண்டும். ஜெட் எஞ்சின் அதை உள்ளே உறிஞ்சிக்கொண்டால் கோடிக்கணக்கில் விலையுள்ள விமானமும் போகும், உயிரும் போகும். பெரிய அதிகாரியானாலும் சாதாரண மாலுமியானாலும் இந்த வேலையில் கௌரவக் குறைவு பார்ப்பதில்லை.

பிறகு கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பும். இருபது மைல் வேகத்தில் கப்பல் போய், எதிர்க்காற்று பத்து மைல் வேகத்தில் வீசினால், தளத்தில் நிற்கும் விமானத்துக்கு முப்பது மைல் காற்று கிடைக்கிறது. நின்ற இடத்திலேயே பாதி பறந்த மாதிரி. மும்பை விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை 11,000 அடிக்கு மேல் நீளமுள்ளது. கப்பலிலோ சில நூறு அடிதான். அந்தக் குறையை ஈடு செய்வது இந்தக் காற்று. பழைய விக்ராந்தில் நீராவியால் இயங்கும் கவண் ஒன்று விமானத்தை வீசி எறிந்தது. இன்றைய கப்பல்களில் முன்பக்கத் தளத்தையே மேல்நோக்கி வளைத்து விட்டிருக்கிறார்கள்.

இறங்குவது அதைவிடக் கடினம். விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி தொங்கும். தளத்தின் குறுக்கே இரும்பு வடங்கள் கட்டியிருக்கும். கொக்கி ஏதாவது ஒரு வடத்தில் மாட்ட வேண்டும். மாட்டினால் இரண்டு மூன்று விநாடிகளில் விமானம் நின்றுவிடும். மாட்டாவிட்டால்? அதற்காகத்தான் சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினை அடக்குவதில்லை. முழு வேகத்துக்கு முடுக்குகிறார். கொக்கி தவறினால் அப்படியே மேலே எழும்பி, இன்னொரு சுற்று வர வேண்டும். இவ்வளவு நேரமும் மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று தயாராகச் சுற்றிக்கொண்டிருக்கும். விழுந்தவரைத் தூக்குவது ஒன்றே அதன் வேலை.

அடித்தளத்து அனல்

மேலே இத்தனை காற்று வீசும்போது கீழே காற்றே கிடைக்காத இடமும் ஒன்று உண்டு. அதுதான் பாய்லர் அறை. பழைய விக்ராந்தில் நான்கு பாய்லர்கள் இருந்தன. அவை தரும் நீராவிதான் கப்பலை ஓட்டியது; கவணை இயக்கியதும் அதுவே. அங்கே வேலை செய்பவர் கடலையே பார்ப்பதில்லை. சூரியன் உதித்ததா மறைந்ததா என்பது முறை முடிந்து மேலே வந்தால்தான் தெரியும்.

1971-ல் அந்த நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல் இருந்தது. முழு வேகத்தில் கப்பலை ஓட்ட முடியாது. வேகம் குறைந்தால் காற்று குறையும். காற்று குறைந்தால் குண்டு சுமந்த விமானம் எழும்பாது. விரிசல் விட்ட பாய்லர் உள்ள கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்பதே அப்போது பெரிய கேள்வி. கடைசியில், மற்ற மூன்று பாய்லர்களை நம்பிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குப் போயிற்று. கேப்டன் சுவராஜ் பிரகாஷ் தலைமை தாங்கினார். டிசம்பர் 4-ந் தேதி அதன் 'சீ ஹாக்' விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. நீராவி ஒரு நாளும் ஏமாற்றவில்லை. வெடித்தால் முதலில் சாகப் போவது தாங்கள்தான் என்று தெரிந்தே அந்த அறையில் நின்றவர்கள், அந்த வெற்றியில் விமானிகளுக்குச் சமமான பங்காளிகள்.

ஒரு லட்சம் முட்டை

வயிற்றுக் கணக்குக்கு வருவோம். விக்ரமாதித்யா கப்பலுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு லட்சம் முட்டை, 20,000 லிட்டர் பால், 16 டன் அரிசி என்று கடற்படையே கணக்குச் சொல்லியிருக்கிறது. கப்பலில் இருப்பவர்கள் 1,600 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முட்டை, நானூறு மில்லி பால், மாதத்துக்குப் பத்து கிலோ அரிசி. முழுச் சரக்கும் ஏற்றிக்கொண்டால் சுமார் 45 நாள் கரையைத் தொடாமல் காலம் தள்ளலாம்.

புறப்பட்ட முதல் வாரத்தில் பச்சைக் காய்கறி இருக்கும். நாளாக ஆக உருளைக்கிழங்கும் வெங்காயமும் பருப்பும்தான் கைகொடுக்கும். நள்ளிரவு முறைக்குப் போகிறவர்களுக்கும் சூடான தேநீர் கொடுத்தாக வேண்டும். ஆகவே சமையற்கட்டில் அடுப்பு அணைவதில்லை. கடல் கொந்தளிக்கும்போது குழம்புப் பாத்திரம் ஒரு பக்கம் சாயும், சமையல்காரர் இன்னொரு பக்கம் சாய்வார். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தாக வேண்டும்.

தண்ணீர்க் கதை வேறு. விக்ரமாதித்யாவில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 400 டன் நல்ல தண்ணீர் எடுக்கும் யந்திரங்கள் உண்டு. அவ்வளவு வசதியில்லாத பழைய நாளில் நீராவிக் கப்பல்களில் முதல் உரிமை பாய்லருக்குத்தான். மனிதர் குளியல் அதற்குப் பிறகு. குழாயடியில் வாளியோடு நின்று பழகியவர்களுக்கு அந்த வரிசை முறையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த வரவு செலவையெல்லாம் எழுதி வைக்கும் குமாஸ்தாவுக்குக் கடற்படையில் 'ரைட்டர்' என்று பெயர். சம்பளம், லீவு, மாறுதல் எல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போக வேண்டும். நம் ஆபீசுகளில் போலவே, லீவு கேட்டு அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

காய்கறியும் ஆயுதம்

கப்பல் எவ்வளவு சாப்பிடுகிறது என்பதை வைத்தே எதிரியை ஏமாற்றிய சம்பவமும் உண்டு. 1971-ல் கிழக்குக் கடற்படைப் பகுதியின் தலைவராக இருந்தவர், தமிழரான வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். விக்ராந்தைத் தேடிப் பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கி வந்துகொண்டிருந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைவாக அனுப்பிவிட்டு, விசாகப்பட்டினத்து ஒப்பந்தக்காரர்களிடம் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாக ஆர்டர் கொடுக்கச் சொன்னார் கிருஷ்ணன். இவ்வளவு உணவு வேண்டுமானால் பெரிய கப்பல் இங்கேதான் இருக்க வேண்டும் என்று ஒற்றர்கள் நம்பட்டும் என்பதே யோசனை. காஜி விசாகப்பட்டினத்துக்கு அருகே வந்து, டிசம்பர் 3-4 இரவில் மூழ்கியது. 'ராஜ்புத்' கப்பல் வீசிய குண்டுகளே காரணம் என்கிறது இந்தியா; உள்ளே நேர்ந்த விபத்து என்கிறது பாகிஸ்தான். எப்படியானாலும் விக்ராந்த் தப்பியது.

தீ என்றால் எல்லோரும்

எதிரியைவிட அதிகமாக மாலுமி அஞ்சுவது தீயை. விமான எண்ணெய், வெடிமருந்து, மின்கம்பி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஓடித் தப்ப இடமில்லை. எனவே சமையல்காரர், ரைட்டர், டாக்டர் உள்படக் கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தீயணைப்புப் பயிற்சி உண்டு.

2019 ஏப்ரல் 26-ந் தேதி விக்ரமாதித்யா கார்வார் துறைமுகத்துக்குள் நுழையும் வேளையில் தீப் பிடித்தது. கரை கண்ணுக்குத் தெரியும் நேரம். அணைக்கும் வேலைக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கமாண்டர் டி.எஸ். சௌஹான் புகையில் மயங்கி விழுந்து உயிர் நீத்தார். தீ அணைந்தது, கப்பல் பிழைத்தது. யுத்தம் இல்லாத காலத்திலும் இந்த உத்தியோகத்தில் உயிர் பணயம்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊர்ப் பெயர் இல்லாத விலாசம்

கப்பலில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் உறையின் மேல் கப்பல் நிற்கும் ஊரின் பெயரை எழுத முடியாது. கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்பது மனைவிக்கும் தெரியக்கூடாது. ஆள் பெயர், கப்பல் பெயர், 'கடற்படைத் தபால் அலுவலகம்' மேற்பார்வை என்றுதான் எழுதுவார்கள். கப்பல் கரை தொடும்போது தபால் மூட்டை ஏறும். மூன்று வாரத்துக் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒரே மூச்சில் படிப்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு கடிதமும், காய்ச்சல் விட்டது என்று அடுத்த கடிதமும் ஒரே நாளில் கையில் கிடைக்கும்.

இன்று கைபேசிக் காலம். ஆனாலும் நடுக்கடலில் கோபுரம் ஏது? ஒற்றர் தொல்லை காரணமாக 2019 டிசம்பரில் கடற்படை தன் கப்பல்களில் ஸ்மார்ட் போன்களுக்குத் தடையும் விதித்தது. காத்திருப்பு மாறவில்லை.

அந்தக் காத்திருப்பில் பாதிப் பங்கு கரையில் இருப்பவர்களுடையது. கொலாபாவிலோ கார்வாரிலோ குவார்ட்டர்சில் தனியே இருந்துகொண்டு, ஸ்கூல் பீஸ் கட்டி, மாமியாருக்கு மருந்து வாங்கி, கதவைத் தாழிட்டுப் படுக்கும் பெண்களுக்குப் பதக்கம் எதுவும் கிடையாது. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே பிழைக்க வந்தவர்களுக்கும், அவர்களுக்காக அங்கே காத்திருப்பவர்களுக்கும் அவர்கள் நிலை நன்றாகவே புரியும். அடுத்த முறை வீட்டில் தம்பியோ மகனோ கடற்படைக்கு விண்ணப்பம் வாங்கி வந்தால், சம்பளத்தையும் பென்ஷனையும் மட்டும் பேசிவிட்டு முடித்துவிட வேண்டாம். இந்த வாழ்க்கையையும் எடுத்துச் சொல்லுங்கள். தெரிந்து போகிறவன்தான் பாய்லர் அறையிலும் நிலைத்து நிற்பான்.