வேகத்திற்கு ஓர் எல்லை. வாலிபர்க்கு ஒரு களம்!



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எங்கள் ஸ்ரீபெரும்புதூர். இவ்வட்டாரம் இன்று வாகனங்களின் தாய்வீடு. இருங்காட்டுக்கோட்டையிலுள்ள ஹுண்டாய் ஆலை 1998-ஆம் ஆண்டு முதல் கார்களை உருவாக்கி வருகிறது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கூட்டு ஆலை 2010-லும், பாரத்பென்ஸ் லாரிகளை உருவாக்கும் டைம்லர் ஆலை 2012-லும், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2013-லும் உற்பத்தியைத் தொடங்கின. டயர்களும் இங்கேயே தயாராகின்றன. உருவான வண்டிகளை ஓட்டிச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்றும் தனித் தடங்களுடன் ஒரகடத்தில் இயங்குகிறது.

வண்டியின் வேகத்தைச் சோதிக்க ஓர் இடம் உண்டு. அந்த வண்டியைத் தவணையில் வாங்கி ஓட்டும் வாலிபன் தன் வேகத்தைச் சோதிக்க விரும்பினால் எங்கே செல்வான்? நெடுஞ்சாலைக்குத்தான் செல்கிறான். அதுவும் நள்ளிரவுக்குப் பின்!

எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவன் ஒருவனைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஓதுவதில் நடுத்தரமானவன், இயந்திரங்களில் மகா கெட்டிக்காரன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு மெக்கானிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இரவு நேரங்களில் நண்பர்களோடு பந்தயம் ஓட்டுவதாகக் கேள்வியுற்று, ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவனை அழைத்துக் கண்டித்தேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவன், முடிவில் மிகப் பணிவோடு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"சரி ஹஜ்ரத், ரோட்டில் ஓட்டவில்லை. வேறு எங்கே ஓட்டட்டும்?"

என்னிடம் விடை இல்லை. "எங்கேயும் ஓட்டாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான்கு மாதங்கள் கழிந்து, ஒரு ஞாயிறு அதிகாலையில், திரும்பிக்கொண்டிருந்த லாரியின் பின்புறம் மோதி அவன் மௌத்தானான். வயது பத்தொன்பது. அவனைக் குளிப்பாட்டிக் கபனிட்டவர்களுள் நானும் ஒருவன்.

அவன் செய்தது பிழை, அதில் ஐயமில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி பிழையானதன்று. அதற்கு விடை தேடவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சட்டமும் கணக்கும்

பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதன்முறை பிடிபடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மறுமுறையாயின் ஓராண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், 199-ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறையையும் 25,000 ரூபாய் அபராதத்தையும் சந்திக்க நேரிடும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கோ இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. "பையன் ஆசைப்பட்டான், சாவியைக் கொடுத்தோம்" என்று கூறும் பெற்றோர்களே, இதைச் சற்று நினைவில் கொள்ளுங்கள்!

சட்டத்தைவிடக் கடுமையானது இயற்கையின் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அபாயத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொண்டால், உலர்ந்த சாலையில் வண்டி நிற்பதற்குள் சுமார் 36 மீட்டர் ஓடிவிடும். வேகம் 120 ஆனால் இத்தூரம் இரு மடங்காகும் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது சுமார் 110 மீட்டராகிவிடுகிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதே காரணம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும் ஒரு பெண்ணுக்கும், சீறி வரும் வண்டிக்கும் இடையே அந்த 110 மீட்டர் இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

பராஅத் இரவிலும் ரமலான் இரவுகளிலும் நம் பிள்ளைகள் சிலர் கூட்டமாக வண்டிகளில் புறப்படுவதை நாம் அறியாதவர்கள் அல்லர். டெல்லி போன்ற நகரங்களில் அவ்விரவுகளுக்கென்றே காவல்துறை தனிக் கண்காணிப்பு ஏற்பாடு செய்கிறது. மிம்பரிலிருந்து கண்டிக்கிறோம், கண்டிக்கத்தான் வேண்டும். ஆயினும் கண்டித்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதா?

அருகிலேயே ஒரு முன்மாதிரி

விடை நம் ஊர் எல்லையிலேயே இருக்கிறது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற மன்றத்தினர், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்தி வந்தனர். பெருங்கூட்டம் திரண்ட காலம் அது. இரவல் இடம் என்றைக்கும் நிலைக்காது என்றுணர்ந்து, இருங்காட்டுக்கோட்டையில் தமக்கென நிலம் தேடி, 1990-ஆம் ஆண்டில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடத்தைத் திறந்தனர். ஆர்வலர்கள் ஒன்றுகூடினால் ஒரு மன்றமே தன் சொந்தத் தடத்தை உருவாக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று. மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயங்களும் அங்கு நடந்துள்ளன.

டிராக் பந்தயம் என்பது என்ன? வளைவுகள் இல்லாத நேர்கோட்டில், நின்ற நிலையிலிருந்து இரண்டிரண்டு வண்டிகளாகப் புறப்பட்டு, குறித்த தூரத்தை முதலில் கடப்பதே. கால் மைல், அதாவது 402 மீட்டர் என்பது அதன் மரபான தூரம். நம் கொங்கு நாட்டில் ரேக்ளா வண்டிகள் 200 மீட்டர், 300 மீட்டர் என்று அளந்த தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கின்றன என்று பார்க்கிறார்களே, அதன் இயந்திர வடிவம் என்று கொள்ளலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் தடம் இருக்க, புதிதாக ஒன்று எதற்கு என்று கேட்பீர்கள். அது வளைவுகள் நிறைந்த சுற்றுத்தடம். உரிமமும் பயிற்சியும் பெற்ற வீரர்களுக்கும் பொருள்வசதி படைத்த அணிகளுக்கும் உரிய களம். வேலைக்குச் சென்று வரும் வண்டியையே பந்தய வண்டியாகவும் கொண்ட பையனுக்கு அதன் வாசல் எட்டாத உயரத்தில் தெரிகிறது. நேர்கோட்டுத் தடமோ எளியது, சிக்கனமானது. சிறிய வண்டி முதலிலும் பெரிய வண்டி சில வினாடிகள் கழித்தும் புறப்படும்படி விளக்குகளை அமைக்கும் முறையும் அதில் உண்டு. ஆகவே 100 சிசி வண்டிக்காரனும் 350 சிசி வண்டிக்காரனோடு மானத்தோடு போட்டியிட முடியும்.

ஒரு மாத இதழ் செய்த பணி

இத்தகைய முயற்சிக்கு உலகில் முன்னுதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் தெருக்களில் கார்ப் பந்தயம் ஓட்டி, ஊராரின் வெறுப்பைத் தேடிக்கொண்டனர். அப்போது ஹாட் ராட் எனும் மாத இதழின் ஆசிரியராயிருந்த வாலி பார்க்ஸ் என்பவர், அவ்விளைஞர்களை ஒழுங்குக்குள் கொண்டுவர 1951-இல் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். போமோனா நகரக் காவல்துறை அதற்குத் துணை நின்றது. 1953 ஏப்ரலில் அந்நகரின் பொருட்காட்சித் திடலில், வாகனங்கள் நிறுத்தும் இடத்தில், சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் நடந்தது. மறு ஆண்டே பட் கூன்ஸ் என்ற போமோனா காவல்துறை சார்ஜெண்ட் ஒருவரின் தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகச் சென்று, பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தும் முறையைக் கற்பித்தது. பிடிக்க வேண்டிய காவலரே வழிகாட்டியாக வந்த அதிசயத்தைப் பாருங்கள்!

வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்களுக்கு இது புதிய செய்தியன்று. 2004-இல் திறக்கப்பட்ட பஹ்ரைன் பந்தயக் களத்தில் டிராக் பந்தயத்திற்கெனத் தனித் தடமே உள்ளது.

மார்க்கம் அறிந்தோர்க்கும் ஒரு சொல். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். பந்தயத்திற்கெனப் பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை. அவ்வாறு பழக்கப்படாதவற்றுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. முந்தையது ஐந்தாறு மைல், பிந்தையது ஒரு மைல் என்று அறிவிப்பாளர் விளக்குகிறார். தொடக்கமும் முடிவும் குறிக்கப்பட்டன. வலிமைக்கேற்பத் தூரமும் வகுக்கப்பட்டது. அப்பந்தயத்தில் குதிரையோட்டியவர்களுள் வாலிபரான இப்னு உமர் அவர்களும் ஒருவர்.

தேவைப்படுவது எவ்வளவு?

402 மீட்டர் ஓட்டத்திற்குப் பின் வண்டி பதற்றமின்றி நிற்க, அதைவிடக் கூடுதலான தூரம் வேண்டும். முன்னும் பின்னும் சேர்த்து ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமும், இருபுறத் தடுப்புச் சுவருக்கும் ஒதுக்கிடத்திற்குமாக அறுபது மீட்டர் அகலமும் கொண்டால், ஏறத்தாழ 22 ஏக்கர் ஆகிறது. புறப்படும் இடத்தில் உறுதியான கான்கிரீட் தளம், நேரம் காட்டும் விளக்குக் கம்பம், ஹெல்மெட்டும் பிரேக்கும் சோதிக்கும் கூடம், தயார் நிலையில் ஆம்புலன்ஸ் ஆகியவை இன்றியமையாதவை.

களம் அமைந்தால் ஆபத்தே இராது என்று நான் கூறவில்லை. அமெரிக்காவில் 2008-இல் ஸ்காட் கலிட்டா என்ற புகழ்பெற்ற வீரர் தடத்தின் எல்லையைத் தாண்டிச் சென்று உயிரிழந்தார். அதன்பின் அதிவேக வண்டிகளுக்கான தூரத்தை ஆயிரம் அடியாகக் குறைத்தனர். விபத்திலிருந்து பாடம் கற்று விதியை மாற்ற, களத்தில் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். நெடுஞ்சாலையில் அப்படி யார் இருக்கிறார்?

விட்டுக்கொடுக்க இயலாத நிபந்தனைகள்

முதலாவது, சூது கூடாது. பந்தயம் என்ற சொல்லே நம் வழக்கில் பணயம் கட்டுவதையும் குறிக்கிறது. ஒரு ரூபாய்கூடப் பணயம் வைக்கப்படாத களமாக இது இருந்தால்தான் நாம் ஆதரிக்க முடியும்.

இரண்டாவது, ஏரியிலோ மேய்ச்சல் புறம்போக்கிலோ இது அமையக்கூடாது. எவருடைய விளைநிலத்தையும் பறித்தும் அமையக்கூடாது. பரந்தூர் விமான நிலையத்திற்காக நிலம் எடுப்பதை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் நடத்திய போராட்டம் நம் மாவட்டத்தின் கண்ணீர்க் கதை. தொழிற்பேட்டைகளை ஒட்டிய தரிசு நிலங்களையே நாம் கேட்க வேண்டும். குடியிருப்புகளும் மருத்துவமனைகளும் விலகியிருக்க வேண்டும். இரைச்சலுக்கு நேரக் கட்டுப்பாடும் வேண்டும்.

மூன்றாவது, ஜகாத் பணம் இதற்குரியதன்று. அது உரியவர்களுக்கே சென்று சேர வேண்டும். ஏழைக் குமர்களுக்கும் அநாதைகளுக்கும் ஒதுக்கிய நிதியிலும் கை வைக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியது

சகோதரர்களே! இது ஒரு சமயத்தாரின் களமாக ஆகிவிடக்கூடாது. நெடுஞ்சாலையில் மடியும் பிள்ளைகளுள் எல்லாச் சமயத்தாரும் உள்ளனர். ஆகவே நம் ஜமாஅத் நிர்வாகிகள், கோயில் அறங்காவலர்களையும் தேவாலயப் பெரியோர்களையும் வணிகர் சங்கத்தாரையும் சந்தித்து, ஒரே மனுவாகக் கையெழுத்துத் திரட்டி, காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியரிடமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் அளிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடல் பகுதியில் இரவு நேரக் கார்ப் பந்தயம் நடக்க அரசு துணை நின்றது. நகரத்துக்குச் செய்ததில் ஒரு சிறு பங்கை நம் வட்டாரத்துக்கும் கேட்போம்.

நிதிக்கும் வழி உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அப்பணிகளுள் ஒன்று. வண்டி செய்து விற்கும் ஆலைகளின் வாசலில் நின்று கேட்க நமக்குத் தயக்கம் எதற்கு?

புதுக்களம் அமையும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை மன்றத்தாரை அணுகி, ஆண்டில் சில நாட்களேனும் உள்ளூர் இளைஞர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தடத்தைத் திறந்துவிடுமாறு வேண்டுவோம். மெக்கானிக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள், வண்டிகளைச் சோதித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கட்டும். ஐ.டி.ஐ. மாணவர்கள் உடனிருந்து தொழில் கற்கட்டும். நெடுஞ்சாலையில் ஒருமுறை பிடிபட்டவனுக்குக் களத்தில் ஓராண்டு இடமில்லை என்று விதி செய்வோம். அந்த ஒரு விதியே பலரைச் சாலையிலிருந்து மீட்கும் என நம்புகிறேன்.

தாய்மார்களே! இரவு பதினொரு மணிக்கு மகன் வண்டிச் சாவியை எடுக்கும்போது, எங்கே போகிறாய் என்று கேளுங்கள். அவன் உண்மையைச் சொல்லக்கூடிய ஓர் இடத்தை நாம் அவனுக்கு அமைத்துக் கொடுப்போம்.

பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. அவனுடைய தம்பி இப்போது என்னிடம் ஓதிக்கொண்டிருக்கிறான். இன்னும் மூன்றாண்டுகளில் அவனுக்கும் வண்டியோட்டும் வயது வந்துவிடும். அவன் அதே கேள்வியைக் கேட்கும்போது, கை நீட்டி, "அதோ, அங்கே ஓட்டு" என்று சொல்லும் நிலையை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.